தொதலுக்கு என்ன விலை வைக்கிறது, அக்கா?

தாச்சியும் தராசும்: வாசகர் கேள்வி பதில்

வருசப் பிறப்பு கிட்டுகிறது என்பதற்கு எனக்குக் கலண்டர் தேவையில்லை, வருகிற கடிதங்களே சொல்லிவிடும். இந்த முறை வந்தவற்றில் முக்கால்வாசியும் வீட்டில் செய்து விற்கிற பலகாரத்தின் விலையைப் பற்றித்தான். எப்படிச் செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள், எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பலகாரம் செய்யத் தெரியாத வீடு குறைவு. செய்ததை எவ்வளவுக்குக் கொடுப்பது என்று வரும்போதுதான் கை நடுங்குகிறது. முதல் கடிதமும் நீளம், பதிலும் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் ஆரையம்பதி. ஒன்றரை வருசமாக வீட்டில் தொதல், கச்சான் அல்வா, கொக்கிஸ் செய்து சனி, ஞாயிறில் கல்லடிப் பக்கம் மேசை போட்டு விற்கிறேன். தொதல்தான் கூட ஓடும். கால் கிலோப் பெட்டி 250 ரூபா. ஒரு தாச்சிக்குச் சாமான் 3,750 ரூபாவுக்குப் போகுது, அஞ்சு கிலோ வரும், அப்ப கிலோ 750 தான் விழுகுது. 1,000 ரூபாப்படி விற்கிறேன், கிலோவுக்கு 250 லாபம் வரவேண்டும். சனமும் வாங்குது, மிச்சமும் வாறதில்லை. ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. எங்கே பிழை? விலையைக் கூட்டினால் சனம் பக்கத்து மேசைக்குப் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கு. சாமான் விவரம் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

பதில்: தங்கச்சி, அந்தப் பின்பக்கத்தை மற்றவர்களும் பார்க்கட்டும். சிவப்புப் பச்சையரிசி மா ஒரு கிலோ 300, தேங்காய் 160 படி பத்து 1,600, சர்க்கரை 450 படி இரண்டு கிலோ 900, கஜு 200 கிராம் 800, ஏலக்காய், உப்பு, அது இது என்று 150. மொத்தம் 3,750. கூட்டல் சரி. 'அஞ்சு கிலோ வரும்' என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் சந்தேகம். நிறுத்துப் பார்த்தீர்களா?

உங்கள் கடிதம் வந்த கிழமையே அதே அளவில் நானும் ஒரு தாச்சி கிண்டினேன். பால் வற்றி, மா வெந்து, சர்க்கரை கறுத்து இறுகி, கடைசியில் எண்ணெய் கக்கிக்கொண்டு தாச்சியின் ஓரத்தை விட்டுத் தொதல் ஒரே உருண்டையாகச் சுழன்று வருமே, அந்த இடம்வரைக்கும் விடாமல் கிண்டி, தட்டில் கொட்டி, இரவு முழுக்க ஆறவிட்டு, விடியத் தராசில் வைத்தேன். நாலரைக் கிலோ. மறுகா வெட்டும்போது கரைத்துண்டு கொஞ்சம், மகன் வந்து கிள்ளினது கொஞ்சம், மேசையில் ருசி பார்க்க வைப்பதற்கு கொஞ்சம், எல்லாமாகக் கால் கிலோ போயிற்று. பெட்டிக்குள் போனது 17 பெட்டி, அதாவது நாலே கால் கிலோ. தண்ணீர் ஆவியாகப் போகிறது, அதற்குக் காசு தர ஒருவரும் வரமாட்டார்கள். அதனால் தாச்சிக்குள் போட்டதை வைத்து விலை போடாதீர்கள், பெட்டிக்குள் போனதை வைத்துப் போடுங்கள்.

இனி, தாளில் இல்லாத செலவுகள். விறகு 300 என்று வைக்கிறேன், நீங்கள் சும்மா பொறுக்கினாலும் எழுதுங்கள். பெட்டியும் ஸ்டிக்கரும் ஒன்றுக்கு 20 ரூபா, 17 பெட்டிக்கு 340. மேசை போட வருகிற ஓட்டோக் கூலியில் தொதலின் பங்கு 150, இட வாடகையில் பங்கு 100. இந்த நாலும் சேர்ந்து 890. சாமானோடு கூட்டினால் 4,640. நீங்கள் 17 பெட்டியையும் 250 படி விற்றால் வருவது 4,250. 390 ரூபா குறைகிறது. விளங்குதா? ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தொதலோடு 23 ரூபா கைக்காசையும் வைத்துக் கட்டி, சிரித்த முகத்தோடு சனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்றரை வருசமாக. மிச்சம் வராமல் எல்லாம் விற்றுப்போவதற்கும் ஒருவேளை இதுதான் காரணம்.

அதற்குள் உங்கள் கூலி இன்னும் வரவில்லை. 'நம்மட கைக்கு நாமளே கூலி போடுறதா' என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் கேட்டேன். உங்களுக்குக் காய்ச்சல், கிண்ட முடியவில்லை, பக்கத்து வீட்டில் ஒருவரைக் கூப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள், அவர் சும்மா வந்து கிண்டுவாரா? அவருக்குக் கொடுக்க வேண்டிய காசு உங்கள் விலைக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் படுத்த அன்றைக்கே தொழிலும் படுத்துவிடும். தேங்காய் திருவிப் பால் பிழிய இரண்டு மணித்தியாலம், தாச்சிக்குப் பக்கத்தில் நிற்க நாலு, வெட்டி அடுக்க ஒன்று. ஏழு. மணித்தியாலத்துக்கு 200 என்று மிகக் குறைவாகப் போட்டாலும் 1,400. இப்போது மொத்தம் 6,040. இதை 17 ஆல் பிரித்தால் பெட்டி ஒன்றின் அடக்கவிலை 355 ரூபா. இதற்குக் கீழே எந்த விலையில் விற்றாலும் உங்கள் முதுகைத்தான் விற்கிறீர்கள்.

இதற்கு மேல் நூற்றுக்கு 15 வையுங்கள். அது பேராசை இல்லை. ஒரு நாள் தாச்சி அடிப்பிடிக்கும், அகப்பை உடையும், சாமான் விலை ஏறும். 2025 தொடக்கத்தில் தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியது ஞாபகம் இருக்குமே, அந்த விலைக்கு உங்கள் பத்துத் தேங்காயை வாங்கினால் பெட்டிக்கு 24 ரூபா மட்டில் கூடும், அதைத் தாங்க ஏதாவது இடம் வேண்டாமா. 15 சேர்த்தால் 409 வரும். 400 என்று வையுங்கள்.

250 இலிருந்து 400. வாசிக்கும்போதே உங்களுக்கு மூச்சு முட்டும் என்று தெரியும். ஒரே கிழமையில் அப்படி ஏற்ற வேண்டாம். பெட்டியை மாற்றுங்கள். 150 கிராம் பிடிக்கிற சின்னப் பெட்டியில் போட்டால் அதே தொதலில் 28 பெட்டி வரும். பெட்டிச் செலவு 560 ஆகக் கூடும், மொத்தம் 6,260 ஆகும், ஒன்றின் அடக்கவிலை 224 மட்டில். அதை 250 ரூபாவுக்குக் கொடுங்கள். 28 உம் விற்றால் 7,000, உங்கள் கூலியும் போக 740 மிஞ்சும், கால் கிலோவை 400க்கு விற்றாலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் மிஞ்சும். சனத்துக்குப் பழகின 250 அப்படியே நிற்கிறது. இன்னொன்று, 500 ரூபாத் தாளை நீட்டுகிறவர் மாற்றின காசுக்கு நிற்காமல் இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார், நான் கண்ணால் கண்டது இது. ஆனால் ஒன்று: '150 கிராம்' என்று பெரிதாக, கண்ணாடி போடாதவருக்கும் தெரிகிற மாதிரி எழுதுங்கள். யாராவது கேட்டால் 'முந்தி கால் கிலோ, இப்ப இவ்வளவு, தேங்காய் விலை ஏறிட்டு' என்று வாயால் சொல்லுங்கள். பழைய பெட்டிக்கு அடியில் கடதாசியை மடித்து வைத்து உயரம் காட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். ஒரு தரம் ஏமாந்த சனம் திரும்பி வராது, ஊர் முழுக்கச் சொல்லவும் சொல்லும்.

பக்கத்து மேசையைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். முதலில் போய் ஒரு பெட்டி வாங்கித் தின்று பாருங்கள். கஜு இருக்கிறதா, கச்சான் போட்டிருக்கிறதா? பல்லில் ஒட்டுகிறதா? தேங்காய்ப்பால் மணக்கிறதா, வெறும் மாவும் சீனியும் மணக்கிறதா? உங்கள் தொதலும் அவருடையதும் ஒன்றில்லை என்றால் விலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அதை ஒரு துண்டு ருசி பார்க்கக் கொடுத்தாலே வாங்குகிறவருக்கு விளங்கிவிடும். இரண்டும் ஒன்றுதான், அவர் மலிவாகக் கொடுக்கிறார் என்றால், ஒன்றில் அவருக்குச் சொந்த வளவில் தென்னை இருக்கும், இல்லாவிட்டால் அவரும் உங்களைப் போலப் பெட்டிக்குள் காசு வைத்துக் கொடுக்கிறார். சொந்தத் தென்னை உள்ளவர்களுக்கும் சொல்கிறேன், அந்தத் தேங்காயை அப்படியே விற்றால் கிடைக்கிற காசைக் கொப்பியில் செலவாக எழுதுங்கள்.

கக்கின எண்ணெயைக் கோலி எடுத்துப் போத்தலில் வைப்பீர்கள்தானே, அதை வரவில் எழுதுங்கள். ஆனால் அந்த எண்ணெயில் கொக்கிஸ் பொரிக்க வேண்டாம். அதில் இனிப்புக் கசடு கிடக்கும், சூடு ஏறியவுடன் கருகி அச்சில் ஒட்டும். நான் பொரித்துப் பார்த்து ஒரு அச்சைப் பாழாக்கியிருக்கிறேன்.

கேள்வி: லட்டை எண்ணிக்கையில் விற்பதா, நிறையிலா? (ஏறாவூர் வாசகி)

பதில்: எண்ணிக்கையில் விற்றால் மேசையில் வேலை சுகம், ஆனால் கை ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிப் பிடிக்காது. காலையில் பிடித்த லட்டு 40 கிராம் இருந்தால் களைத்த பிறகு பிடித்தது 48 இருக்கும், ஐந்துக்கு ஒன்று சும்மா போகிறது. பூந்தியை ஒரே கரண்டியால் மட்டமாக அள்ளிப் பிடியுங்கள், பத்துக்கு ஒன்றைத் தராசில் வைத்துப் பாருங்கள். நிறையில் விற்கிறதென்றால் தராசுக்கு வருசா வருசம் முத்திரை குத்தியிருக்க வேண்டும், அது அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் வேலை. வீட்டுக் குசினித் தராசைச் சந்தைக்குக் கொண்டுபோய் மேசையில் வைக்கக் கூடாது.

கேள்வி: வணக்கம் அக்கா. மனைவி எள்ளுருண்டையும் கச்சான் அல்வாவும் செய்கிறா, நான் கல்முனையில் ஒரு மேசையில் வைத்து விற்கிறேன். கச்சான் அல்வாப் பைக்கற் ஒன்று கூலியோடு 80 ரூபா அடக்கம், 100க்கு விற்கிறோம். இப்போது ஒரு கடைக்காரர் தன் கடையில் வைக்கச் சொல்கிறார், விற்ற விலையில் நூற்றுக்கு 25 அவருக்கு, விற்றபிறகுதான் காசு, விற்காதது திரும்பி வரும். ஒத்துக்கொள்ளலாமா? எங்களுக்குப் பைக்கற்றுக்கு 90 ஆவது கையில் வேண்டும்.

பதில்: தம்பி, ஒத்துக்கொள்ளலாம், ஆனால் இந்த நூற்றுக்கு 25 என்பதில் பலபேர் விழுகிறார்கள். உங்களுக்கு 90 வேண்டும், அதோடு நூற்றுக்கு 25 கூட்டினால் 112 ரூபா 50 சதம், அந்த விலையை ஒட்டிக் கொடுத்தால் சரி என்று நினைப்பீர்கள். கடைக்காரர் 25 வீதத்தை எடுப்பது உங்கள் 90 இலிருந்து இல்லை, அந்த 112.50 இலிருந்து. அவர் 28 எடுத்துக்கொண்டு உங்களுக்கு 84 தான் தருவார். கணக்கு இப்படி: உங்களுக்கு வேண்டிய 90 என்பது விற்பனை விலையின் முக்கால் பங்கு. அப்போ விலை 120. அவருக்கு 30, உங்களுக்கு 90. முடிந்தது.

இப்போது உங்கள் மேசையில் 100, அவர் கடையில் 120 என்றால் என்ன நடக்கும்? ஒரு கிழமைக்குள் யாராவது அவரிடம் போய் 'இதே சாமான் அங்க நூறு' என்று சொல்வார்கள், அவர் உங்கள் பைக்கற்றைப் பின் தட்டில் தள்ளிவிடுவார். அதனால் மேசையிலும் 120 வையுங்கள். மேசையில் கூட வருகிற 30 உங்களுக்குச் சும்மா வருகிற காசு இல்லை, வெயிலில் ஒரு நாள் முழுக்க நிற்கிற கூலி அது. இதுவரை நீங்கள் அதைப் போடவே இல்லை, மனைவியின் கூலியை மட்டும்தான் போட்டிருக்கிறீர்கள் என்று உங்கள் கணக்கைப் பார்த்தால் தெரிகிறது. (மனைவியின் கூலியையாவது போட்டீர்களே, அதற்கு நன்றி. அதுவும் போடாத கணக்குகள் எனக்கு நிறைய வருகின்றன.)

விற்காதது திரும்பி வரும் என்கிறாரே, எத்தனை நாளில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலாவதித் திகதிக்கு முதல் நாள் திரும்பி வந்தால் அதை நீங்கள் என்ன செய்வது? முதல் மாதம் பத்துப் பத்துப் பைக்கற்றாகக் கொடுங்கள், கொடுத்த திகதியையும் எண்ணிக்கையையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கோபிப்பார் என்று பயப்படாதீர்கள், கடை வைத்திருப்பவருக்குக் கொப்பி புதிதில்லை.

கேள்வி: சொந்தக்காரர் எல்லாம் மேசைக்கு வந்து 'நம்மட புள்ளதானே' என்று பாதி விலைக்குக் கேட்கிறார்கள். மாமிமாருக்கு எப்படி இல்லை என்கிறது? (செங்கலடி)

பதில்: விலையைக் குறைக்காதீர்கள், ஒரு துண்டைக் கூட வையுங்கள். 'மாமி, விலை எல்லாருக்கும் ஒண்டுதான், இது உங்களுக்கு' என்று சொல்லிக் கரைத்துண்டில் ஒன்றைக் கையில் கொடுத்தால் அவவுக்கும் மரியாதை, உங்களுக்கும் நட்டம் பத்து ரூபாவுக்குள். விலையை ஒரு தரம் குறைத்தீர்களென்றால் அடுத்த முறை அந்தப் பாதி விலையிலிருந்துதான் பேச்சே தொடங்கும். கடனும் இப்படித்தான். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டோம், அது வீட்டில். மேசை வேறு.

கேள்வி: அக்கா, நான் அக்கரைப்பற்று. நோன்பு காலத்தில் கப்பில் வட்டிலப்பம் போட்டு விற்க ஆசை. முட்டை விலையும் தேங்காய் விலையும் நாளுக்கு ஒன்றாக இருக்கே, விலையை எப்படி நிற்பாட்டுறது?

பதில்: வட்டிலப்பத்தில் முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, இந்த மூன்றும்தான் காசு, ஏலமும் கஜுவும் பிறகு. கப் ஒன்றுக்கு எத்தனை முட்டை விழுகிறது என்று ஒரு தரம் சரியாகப் பாருங்கள், பத்து முட்டையில் 14 கப் வருகிறதென்றால் முட்டைக்கு 7 ரூபா ஏறினால் உங்கள் கப்புக்கு 5 ரூபா ஏறும். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் நாளாந்தம் தலையைப் பிய்க்க வேண்டியதில்லை. முட்டை கொஞ்சம் ஏறினாலும் தாங்குகிற மாதிரி நோன்பு முழுக்க ஒரே விலை வைத்துவிடுங்கள், நாளுக்கு ஒரு விலை சொன்னால் சனத்துக்கு நம்பிக்கை போய்விடும்.

பெரிய பிரச்சினை விலை இல்லை, மிச்சம். தொதல் மேசையில் கிடக்கும், வட்டிலப்பம் கிடக்காது. முட்டையும் பாலும் சேர்ந்தது, எங்கள் பக்கத்து வெக்கைக்குப் பின்னேரம் வெளியே வைத்ததை மறுநாள் விற்க நினைக்கவே கூடாது. அதனால் மேசையில் குவிக்காமல் முதல் நாளே சொல்லி வைப்பவர்களுக்குச் செய்யுங்கள். சொல்லி வைத்தது 30 என்றால் 35 அவியுங்கள். அந்த ஐந்தும் நின்றுபோனால் வீட்டில் நோன்பு திறக்கிறவர்களுக்கு, அவற்றின் செலவையும் 30க்குள் பிரித்துப் போட்டுத்தான் விலை சொல்ல வேண்டும்.

கேள்வி: கொக்கிஸ் பைக்கற் 85 ரூபா அடக்கத்தில் செய்து 100க்கு விற்கிறேன். நட்டம் வரக்கூடாதுதானே, ஏன் வருகிறது? பத்துக் கொண்டுபோனால் எட்டு விற்கும். (களுவாஞ்சிகுடி)

பதில்: விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பத்துக்கு 850 செலவு, விற்பது எட்டு, வருவது 800. எட்டு விற்றால் எட்டின் தலையில்தான் பத்தின் செலவும் விழும், அப்போ அடக்கவிலை 106. ஒன்றில் எட்டு மட்டும் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் 120 வையுங்கள். எண்ணெயையும் ஒரு தரம் பாருங்கள். பொரிக்க முன்னும் பின்னும் போத்தலில் அளந்து குறைந்ததைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், மூன்று தரம் பொரித்துக் கறுத்த பிறகு கொட்டுகிற எண்ணெயை எழுதுவதில்லை.

திரும்பி வருகிற பைக்கற் பற்றி எனக்கும் ஒரு கதை இருக்கிறது. ஒரு தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, ஒரு விற்பனைச் சந்தையில் மேசை கிடைத்தது என்று புளுகத்தில் 40 பைக்கற் கொக்கிஸ் பொரித்துக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில் கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் மழை என்பது பிள்ளைக்கும் தெரியும், ஆனால் காசை நினைத்தால் வானம் கண்ணில் படாதே. மேலே கட்டின தறப்பாளில் ஓட்டை. மழை விட்டபாடில்லை, வந்த சனம் குடைக்குள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகுது. நான் கட்டியிருந்ததோ மெல்லிய சொப்பின் பை, வாயில் ஒரு ரப்பர் பேண்ட். மத்தியானம் ஒரு அம்மா பையைத் திறந்து கடித்தார், சத்தமே வரவில்லை. என்னைப் பார்த்தார், 'என்ன மனே, இது நேத்தையானா?' என்றார். அன்று விடியப் பொரித்தது அது. 14 விற்றது, 26 வீட்டுக்கு வந்தது, இரண்டு நாள் தேத்தண்ணியோடு நாங்களே தின்று தீர்த்தோம். அதிலிருந்து மழைக்காலத்தில் கொக்கிசுக்குத் தடித்த பையும் சூட்டில் ஒட்டுகிற மெசினும்தான், பைக்கு நாலு ரூபா கூடப் போகும், அந்த நாலையும் விலையில் போட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கேள்வி: லேபலில் விலை அச்சடிக்க வேண்டுமா? பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவாரா? (வாழைச்சேனை)

பதில்: வருவார், வரட்டும். அவர் பிடிக்க வரும்வரை பார்த்திருக்காமல் நீங்களே முதலில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு, இன்ன சாமான் வீட்டில் செய்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டுக் குசினிக்கும் பொருந்தும், விற்கத் தொடங்கிய பிறகு அது வெறும் குசினி இல்லை. பைக்கற்றில் பெயர், சேர்மானம், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, செய்தவரின் விலாசம், விலை இருக்கட்டும். ஒட்டின விலைக்கு மேல் ஒரு ரூபாவும் வாங்கக் கூடாது. அதனால் பெரிய லேபலை ஆயிரம் அடிக்கும்போது அதில் விலையைச் சேர்க்காதீர்கள், விலைக்குத் தனியாகச் சின்ன ஸ்டிக்கர் வைத்துக்கொள்ளுங்கள். சீனி விலை ஏறினால் அடுத்த முறை செய்வதற்குப் புது ஸ்டிக்கர், பழைய லேபல் குப்பைக்குப் போகாது. 2022 இல் கிழமைக்கு ஒரு விலை ஏறியபோது விலையோடு அச்சடித்த லேபலைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: மாமாங்கக் கோயில் திருவிழாவுக்குக் கச்சான் அல்வா போட இருக்கிறேன். மற்ற நாளில் 100, திருவிழாவில் 150 வைக்கலாமா? எல்லாரும் கூட்டித்தானே விற்கிறார்கள். இடத்துக்கு மட்டும் 6,000 கேட்கிறார்கள். 300 பைக்கற் விற்கும் என்று நினைக்கிறேன். (அமிர்தகழி)

பதில்: 6,000ஐ 300 ஆல் பிரித்தால் பைக்கற்றுக்கு 20. மற்ற நாளில் உங்கள் மேசைக் கூலி பைக்கற்றுக்கு 5 விழும் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், அப்போ கூடுதலாக விழுவது 15 தான். 115, சில்லறைத் தொல்லைக்காக 120. 150க்கு நியாயம் எங்கே இருந்து வந்தது? நீங்கள் அமிர்தகழியிலேயே இருக்கிறீர்கள், ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து வெளியூர்ச் சனம் போய்விடும், 100 ரூபாவுக்கு வாங்கிப் பழகின உங்கள் ஊர்ச்சனம் அங்கேதான் இருக்கும்.

ஆனால் 300 விற்கும் என்று நீங்கள் 'நினைக்கிறது' எனக்குக் கொஞ்சம் உதைக்கிறது. 200 தான் விற்றால் இடக்கூலியே பைக்கற்றுக்கு 30 ஆகிவிடும். போன வருசம் அதே வரிசையில் மேசை போட்டவர் யாரையாவது பிடித்து எத்தனை போனது என்று கேளுங்கள், சொன்னதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், விற்றதை யாரும் குறைத்துச் சொல்வதில்லை. திருவிழாவுக்கென்று வேறு ஒரு பைக்கற்றும் போடலாம்: வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி கச்சான் அல்வா, எள்ளுருண்டை, கொஞ்சம் வறுத்த கச்சான் மூன்றும் ஒன்றாக, 250 ரூபா. இது மற்ற நாளில் உங்களிடம் இல்லாத சாமான், அதனால் பழைய விலையோடு ஒப்பிட ஒன்றும் இருக்காது. முதல் நாள் 30 மட்டும் கட்டிக்கொண்டு போங்கள். வெயிலில் அல்வா வியர்க்கும், மேசையில் பத்தை வைத்துவிட்டு மிச்சத்தை மேசைக்குக் கீழே நிழலில் வையுங்கள். மாற்றின காசு 50 உம் 100 உமாக ஒரு 3,000க்காவது முதல் நாளே எடுத்து வையுங்கள், தீர்த்தத்தன்று விடியக்காலை வருகிற சனம் எல்லாம் ஆயிரம் ரூபாத் தாளோடுதான் வரும்.